நாற்பது நிமிடம் நின்ற வகுப்பு

இதைக் கம்ப்யூட்டரில் அடிக்கப் போகும் மிஸ்ஸிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நேராக நிற்காது. கோடு போட்ட தாளிலும் கோட்டை விட்டு இறங்கிவிடும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது ஐந்தாம் வகுப்பிலேயே எனக்குப் பிடிபடவில்லை. அதற்கு மேல் நான் படிக்கவும் இல்லை. பிழையை எல்லாம் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் மாற்ற வேண்டாம்.

பள்ளி ஆண்டு மலருக்கு ஆளுக்கு ஒரு நினைவு எழுதித் தர வேண்டும் என்று தலைமை சிஸ்டர் சுற்றறிக்கை அனுப்பினார். அதை அறை அறையாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியது நான்தான். திரும்பி வந்து நோட்டை மேசையில் வைத்ததும், "நீங்க எப்பத் தரப் போறீங்க?" என்று கேட்டார்.

"நான் டீச்சர் இல்லையே சிஸ்டர்."

"டீச்சருங்களுக்குத் தெரியாத கதை எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். எழுதுங்க."

பத்தொன்பது வருடமாக இந்தப் பள்ளியில் அட்டெண்டராக இருக்கிறேன். மணி அடிப்பேன், அறைகளைத் திறப்பேன், சுற்றறிக்கை கொண்டுபோவேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. வகுப்பில் பாடம் நடக்கும்போது உள்ளே போக வேண்டியிருந்தால், நோட்டை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அறுபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒரே ஒரு நாள் ஆறாம் வகுப்பு முன்னால் நின்று பேசினேன். பிரான்சிலிருந்து வந்த மிஸ் இங்கிலீஷ் பாடம் எடுத்த முதல் நாள் அது.

அதற்கு முந்தின வருடம் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் அரசு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. தமிழ் டீச்சர் புத்தகத்தைத் திறந்து வரி வரியாக வாசிப்பார், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள், அவ்வளவுதான். பெற்றோர் ஒவ்வொருவராக வந்து டி.சி. கேட்டார்கள். டி.சி. புத்தகத்தைப் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. எடுக்கும்போதெல்லாம் என் மகளைத்தான் நினைப்பேன். அடுத்த வருடம் அவள் ஆறாம் வகுப்பு. பெரிய இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்க எனக்கு வசதி இல்லை. இங்கே இங்கிலீஷ் இல்லை என்றால் அவளுக்கு எங்கேயும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான், பிரான்சிலிருந்து ஒரு பெண் ஒரு வருடம் சம்பளம் வாங்காமல் வந்து இங்கிலீஷ் சொல்லித் தரப் போகிறாள் என்று சிஸ்டர் சொன்னார். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார், திங்கட்கிழமை முதல் பாடம். வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் மட்டும் இல்லை, எந்தப் பள்ளியிலுமே அதுதான் அவருக்கு முதல் பாடம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை கூட்டத்தில் சிஸ்டர் பிள்ளைகளை நன்றாக மிரட்டி வைத்தார்.

"அவங்க நம்ம விருந்தாளி. ஒருத்தரும் வாலாட்டக் கூடாது. அவங்க சொல்லாம எதுவும் செய்யக் கூடாது. எழுதச் சொன்னா எழுதணும், உக்காரச் சொன்னா உக்காரணும். புரியுதா?"

"புரியுது சிஸ்டர்" என்று மொத்தப் பள்ளியும் இழுத்துச் சொன்னது.

முதல் பீரியட் ஆறாம் வகுப்பு. நான் மணி அடித்துவிட்டு வராந்தாவில் என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அங்கிருந்து ஜன்னல் வழியாக வகுப்பு முழுவதும் தெரியும். மிஸ் உள்ளே நுழைந்தார். பிள்ளைகள் சடாரென்று எழுந்து, "குட் மார்னிங் மிஸ்" என்று பாடினார்கள். மிஸ்ஸுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தன் பேரைச் சொன்னார். கரும்பலகையில் எழுதினார். ஏதோ பேச ஆரம்பித்தார்.

பிள்ளைகள் நின்றார்கள்.

நம் பள்ளிகளில் இது எல்லோருக்கும் தெரிந்தது. டீச்சர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், டீச்சர் "சிட் டவுன்" என்று சொன்னால்தான் உட்கார வேண்டும். எந்த டீச்சரும் அதை யோசித்துச் சொல்வதில்லை. நாற்காலியை இழுக்கும்போதே வாய் தானாகச் சொல்லிவிடும். இந்த மிஸ் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. அறுபது பிள்ளைகளும் பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவில் முழங்காலை மடக்கியும் மடக்காமலும் நின்றுகொண்டிருந்தார்கள். மிஸ்ஸும் நாற்காலியில் உட்காரவில்லை.

தமிழ் டீச்சர் அந்தப் பக்கமாக வந்தவர் எட்டிப் பார்த்தார். "என்னது, எல்லாம் நிக்குதுங்க?" என்றார்.

பின்னாலேயே வந்த கணக்கு சார், "அவங்க ஊர்ல நிக்க வச்சுத்தான் பாடம் எடுப்பாங்க போல. நல்ல முறைதான் டீச்சர், நின்னா தூக்கம் வராது" என்றார்.

"அப்ப உங்க பீரியட்டுக்கு ரெண்டு காலையும் தூக்கி நிக்க வைக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். வெளிநாட்டு முறை ஏதோ இருக்கும், நமக்கு என்ன தெரியும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

அப்புறம் மிஸ் எழுதச் சொன்னார். நின்றுகொண்டு எப்படி எழுதுவது? டெஸ்க் தாழ்வானது. குனிந்தால் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தார்கள் போல. பின்வரிசைப் பிள்ளை முன்வரிசைப் பிள்ளையின் முதுகில் நோட்டை வைத்து எழுத ஆரம்பித்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று, வகுப்பு முழுக்க அப்படியே செய்தார்கள். முதுகில் பேனா ஓடினால் கூச்சம் வராதா? நெளிந்தார்கள். ஒருத்தி சிரித்தாள். அது பரவி அறுபது பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். மிஸ் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கே அது தெரிந்தது.

பீரியட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மூன்றாம் வரிசையில் ஒரு பிள்ளை அப்படியே சரிந்து விழுந்தது. வீராம்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளை. காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்துவிட்டாள். ஆனாலும் சிஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. அவளை ஆட்டோவில் வைத்துக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மிஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

அன்றைக்கு ஏழாம் வகுப்புக்கு அவர் போகவில்லை. ஸ்டாஃப் ரூமில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தமிழ் டீச்சர் டீ கொண்டுபோய் வைத்தார். அது ஆறி ஏடு கட்டிவிட்டது.

மதியம் என் மகள் சோற்று டப்பாவோடு என் ஸ்டூலுக்கு வந்தாள். வழக்கமாகத் தோழிகளோடு சாப்பிடுகிறவள். அன்றைக்கு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"கால் செம வலிப்பா."

"புது மிஸ் எப்படி?"

"நல்ல மிஸ்தான். ஆனா உக்காரச் சொல்லவே மாட்டேன்றாங்க."

"நீங்களா உக்கார வேண்டியதுதானே?"

"சிஸ்டர் இன்னா சொன்னாங்க? அவங்க சொல்லாம எதுவும் செய்யக் கூடாதுன்னாங்கல்ல? நீ வேற, மாட்டி விட்டுடுவ போலிருக்கு."

"ஏம்மா, ஒருத்தியாவது கேட்டிருக்கலாமே?"

"இங்கிலீஷ்ல எப்படிப்பா கேக்கிறது? அதைக் கத்துக்கத்தானே நிக்கிறோம்."

எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. அது வெளிநாட்டு முறை என்று நாம் நினைத்தோம். அது நம் ஊர் முறை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பக்கமும் மரியாதை கொடுத்தே ஒரு பிள்ளையை மயக்கம் போட வைத்துவிட்டோம்.

யாரிடமாவது சொல்லலாம் என்று எழுந்தேன். சிஸ்டர் இன்னும் திரும்பவில்லை. தமிழ் டீச்சரும் கணக்கு சாரும் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஸ்டாஃப் ரூம் வாசலுக்குப் போனேன். மிஸ் தன் பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மூக்கு சிவந்திருந்தது. என்னைப் பார்த்து, "ஆட்டோ, ப்ளீஸ்" என்றார். அப்புறம் இங்கிலீஷில் நிறைய சொன்னார். "கோ ஹோம்", "சில்ட்ரன்", "நோ லைக்" என்று அங்கங்கே ஒன்று எனக்குக் காதில் நின்றது. அது போதும். இவர் போகிறார், நாளைக்கு வரமாட்டார்.

தலையை ஆட்டிவிட்டுப் பள்ளி கேட்டுக்குப் போனேன். எதிரே மரத்தடியில் வழக்கமாக நிற்கிற ஆட்டோக்காரர் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே, சவாரியா?"

"புது மிஸ் போகணும்னாங்க."

"காலைலதானே வந்துச்சு? அதுக்குள்ள கிளம்புதா? இன்னா பண்ணி வச்சீங்க அந்தப் பொண்ண?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாமலா வெள்ளைக்காரம்மா ஒரே நாள்ல ஓடுது? உங்க பள்ளிக்கூடத்துக்கு ஒருத்தரும் தங்க மாட்டாங்கண்ணே, ராசி அப்படி."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆட்டோவை அவர் கிளப்பப் போனார்.

"வேணாம். இரு" என்றேன்.

"சவாரி இருக்கா இல்லையா?"

"இல்ல" என்று சொல்லிவிட்டேன். இந்த வேலையில் சேர்ந்த பிறகு ஒரு டீச்சர் சொன்னதை நான் செய்யாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். இதுவரை அதற்காக வருத்தப்பட்டதில்லை.

மதிய மணிக்கு நேரம் ஆகிவிட்டது. அடித்தேன். டைம் டேபிள்படி அந்தப் பீரியடும் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ்தான்; ஒரு வருடம் விட்டுப்போனதை ஈடுகட்ட சிஸ்டர் ஒரே நாளில் இரண்டு பீரியட் போட்டிருந்தார். ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். மிஸ் பையோடு எழுந்து நின்றார். நான் அந்தப் பையை வாங்கிக்கொண்டேன். மேசையில் இருந்த சாக்பீஸ் டப்பாவையும் டஸ்டரையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். ஆட்டோ நிற்கிற இடத்துக்குத்தான் கூட்டிப் போகிறேன் என்று அவர் பின்னாலேயே வந்தார். நான் வராந்தாவில் வலது பக்கம் திரும்பி ஆறாம் வகுப்புக்குள் நுழைந்துவிட்டேன்.

அவர் வாசலில் நின்றார். பிள்ளைகள் சடாரென்று எழுந்தார்கள்.

"குட் ஆஃப்டர்நூன் மிஸ்."

மிஸ் என்னைப் பார்த்தார். பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். அறுபது ஜோடிக் கண். என் மகள் இரண்டாம் வரிசையில் நின்று, 'உனக்கு இங்கே என்னப்பா வேலை' என்பது மாதிரி முறைத்தாள்.

நான் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். "உக்காருங்க" என்றேன். ஒருத்தரும் உட்காரவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "அண்ணா, நீங்க சொன்னா செல்லாது. மிஸ் சொல்லணும்" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் முகம் மறுபடியும் சுருங்கியது.

அவரிடம்தான் சொல்ல வேண்டும். என்னிடம் இங்கிலீஷ் இல்லை. ஆனால் நாலு பிரெஞ்சு வார்த்தை இருந்தது. ஐந்தாவதோடு படிப்பு நின்றபின், பதினைந்து வயதில் முதலியார்பேட்டையில் ஒரு சொல்தா வீட்டில் கொஞ்ச காலம் எடுபிடி வேலை பார்த்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் நாற்காலியைக் காட்டி, உட்காருங்கள் என்பதற்கு ஒன்று சொல்வார். அதைச் சொன்னேன்.

"மதாம். அஸ்ஸேயே வூ."

மிஸ் திடுக்கிட்டுப் போனார். இங்கே ஒருவன் தன் மொழியில் பேசுவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கிவிட்டது. "மெர்சி, முசே" என்று நன்றி சொன்னார். நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

சொன்னது சரிதான், உட்கார்ந்த ஆள்தான் தப்பு. இனி வார்த்தையை நம்பிப் பயன் இல்லை என்று தெரிந்துவிட்டது. மயங்கி விழுந்த பிள்ளையின் இடம் மூன்றாம் வரிசையில் காலியாக இருந்தது. போய் அந்த இடத்தில் பிள்ளைகளோடு பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முழங்காலைத் தடவிக் காட்டினேன், வலிக்கிறது என்று. தோளைத் தொங்கப் போட்டு, மயங்கி விழப்போகிறவன் மாதிரி ஆடினேன். அப்புறம் மிஸ்ஸின் வாயைக் கையால் காட்டினேன். "மதாம் சொல்லு... சிட் டவுன்" என்று சொல்லி, பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். அவரைக் காட்டினேன். மறுபடி உட்கார்ந்தேன்.

மூன்று தடவை செய்தேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. மூச்சு விடாமல் மிஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மிஸ் மெதுவாக எழுந்தார். பிள்ளைகளின் கால்களைப் பார்த்தார். காலியாக இருந்து நான் நிரப்பிய இடத்தைப் பார்த்தார். கையைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டார். பிறகு, கேள்வி கேட்கிற மாதிரி, ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்:

"சிட்... டவுன்?"

எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். பெஞ்சு எல்லாம் ஒன்றாகக் கிறீச்சிட்டது. யாரோ ஒருத்தி, "அப்பாடா, மாதாவே" என்று சத்தமாகச் சொன்னாள். வகுப்பே சிரித்தது, மிஸ்ஸும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "சாரி, சாரி, சாரி" என்று ஒவ்வொரு வரிசையாகப் போய்ச் சொன்னார். ஒருத்தி எழுந்து, "நோ சாரி மிஸ். வீ ஆல்சோ சாரி" என்றாள். அந்த வருடத்தில் எங்கள் பிள்ளை ஒன்று தானாகச் சொன்ன முதல் இங்கிலீஷ் அதுதான் என்று நினைக்கிறேன்.

மிஸ் சாக்பீஸை எடுத்து 'சிட் டவுன்' என்று பலகையில் பெரிதாக எழுதினார். பிள்ளைகள் நோட்டைத் திறந்து டெஸ்க்கின் மேல் வைத்து ஒழுங்காக எழுதினார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அவர் கேட்டார். அவர்கள் சொல்ல, அவர் "உக்கா-ருங்கோ" என்றார். "ருங்கோ இல்ல மிஸ், ருங்க!" என்று எல்லோரும் திருத்தினார்கள். பாடம் அப்படியே ஓட ஆரம்பித்தது.

எனக்குத்தான் சிக்கல். மூன்றாம் வரிசை நடுவில் மாட்டிக்கொண்டேன். எழுந்து வெளியே போனால் பாடம் கெடும், எல்லோரும் பார்ப்பார்கள். கூச்சத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பிள்ளை தன் நோட்டை எனக்கும் தெரிகிற மாதிரி நகர்த்தி வைத்தது. பாடம் நன்றாக இருந்தது, உண்மையாகவே சொல்கிறேன். நேரம் போனதே தெரியவில்லை. கடைசியில் கணக்கு சார் வாசலில் வந்து நின்று, "பீரியட் முடிஞ்சு பத்து நிமிஷம் ஆச்சு, மணி அடிக்கிறவரைக் காணோம்னு பள்ளிக்கூடம் பூரா தேடிக்கினு இருக்கோம், இங்க உக்காந்து படிச்சிக்கினு இருக்கியா நீ?" என்று சத்தம் போட்டபோதுதான் நினைவு வந்தது.

நான் எழுந்து ஓடினேன். பின்னால் வகுப்பு கை தட்டியது. யாருக்கு என்று திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் சிஸ்டர் அந்தப் பிள்ளையோடு திரும்பினார். ஒன்றும் இல்லை, சாப்பிடாததுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிஸ் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். அப்புறம் சிஸ்டரிடம் வெகுநேரம் பேசினார். சிஸ்டர்தான் எனக்கு விளக்கிச் சொன்னார். இந்த ஊரில் பிள்ளைகள் மரியாதைக்காகப் பாடம் முடியும்வரை நிற்பார்கள் போல, வந்த முதல் நாளே அதை மாற்றச் சொன்னால் அவமரியாதை என்று மிஸ் நினைத்தாராம். அவர்கள் நிற்கும்போது தான் மட்டும் உட்காருவது சரியில்லை என்றுதான் அவரும் நின்றாராம். "அவங்களுக்கும் கால் வலிதானாம்" என்று சிஸ்டர் சொல்லிச் சிரித்தார். பிறகு, "போறேன்னு சொன்னாங்களாமே, உண்மையா?" என்று கேட்டார்.

"ஆட்டோ கிடைக்கல சிஸ்டர்" என்றேன். அந்தப் பொய்யை இந்த மலரில் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலை முதல் மணி அடித்தபோது மிஸ் வாசலில் இருக்கிறாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். மதியம் என் மகள் டப்பாவைத் திறந்துகொண்டே, "இன்னைக்கு இன்னா ஆச்சு தெரியுமாப்பா?" என்றாள்.

"வந்தாங்களா?"

"வராம? வாசலுக்கு அந்தாண்ட வரும்போதே சிட் டவுன், சிட் டவுன்னு கத்திக்கினே வந்தாங்க. நாங்க எழுந்திருக்கவே இல்ல. சிஸ்டர் பார்த்துட்டு, ஏன்டி மிஸ்ஸுக்கு எழுந்து நிக்கலன்னு எங்களத் திட்டிட்டுப் போறாங்க."

ஒரு வருடத்துக்கு என்று வந்தவர் இரண்டு வருடம் இருந்தார்.

வீராம்பட்டினம் தேருக்குப் பள்ளி விடுமுறை விட்ட நாளில் வீட்டில் உட்கார்ந்து எழுதி முடித்தேன்.

ஆடி மாதம், ஐந்தாம் வெள்ளிக்கிழமை.